தொழில் தெரிந்த எலி

"இதுல மனுஷன் உக்காருவானாண்ணே?"

நாற்காலியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்டார், சீட்டும் சோபாவும் தைக்கும் குஷன்காரர். குடியை விட நினைப்பவர்கள் தினமும் மாலையில் கூடிப் பேசும் அந்த ஹாலில் அவருக்கு அது முதல் நாள். எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்க, அவர் நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, நல்லாத்தானே இருக்கு?" என்றார் கூட்டத்தை நடத்தும் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர். ஒரு காலத்தில் ஊரறிந்த குடிகாரர், இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுப்பவர்.

"எங்க நல்லா இருக்கு? ரெக்ஸின் கிழிஞ்சு பஞ்சு வெளிய வருது. இதைச் சரி பண்ணி வைங்க, அப்புறம் வர்றேன்."

நல்ல சாக்கு கிடைத்த நிம்மதியில் வாசலுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டார். அவள் கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். "நீங்க அந்தக் கூட்டத்துல போய் உக்காருங்க, நான் வீட்டுக்கு வந்து உக்கார்றேன்" என்பதுதான் அவள் போட்ட நிபந்தனை. போகும்போது பட்டறையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பழைய சீட்டைப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை, தைப்பது இவர் வேலை என்று பல வருடங்களாக ஓடிய பட்டறை அது.

"போனேன். ஆனா உக்கார முடியல. நாற்காலி சரியில்ல."

"ஊர்ல இருக்கற சீட்டையெல்லாம் தைக்கிறீங்க, அந்த ஒண்ணைத் தைக்க வராதா?"

"எனக்கா வராது? நான் தைச்சா ஆயுசுக்கும் பிரியாது" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மறுநாள் ஊசி நூலோடு கிளம்பியவரின் வண்டி, வழக்கமாகக் குடிக்கும் கடை வாசலில் தானாகவே நின்றது. உள்ளே போய்விட்டு வந்தால் ஊசியில் நூல் ஏறாது. குடிகாரன் என்று யார் சொன்னாலும் தட்டிவிட்டுப் போகக்கூடியவர்தான். தொழில் தெரியாதவன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. 'இன்னைக்கு ஒரு நாள் மட்டும்' என்று சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். இத்தனை வருடமும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் உள்ளே போயிருக்கிறார்.

ஹாலின் ஓரமாக உட்கார்ந்து தைத்தார். கை தைக்கும்போது காது சும்மா இருக்குமா? யாரோ ஒருவர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுப் பூட்டைத் தன் சாவியால் விடியும்வரை திறக்கப் பார்த்த கதையைச் சொன்னார். குஷன்காரருக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் கல்யாண மேடைக்குத் தான் தைத்துக் கொடுத்த சோபாவில் தானே படுத்துத் தூங்கிவிட, பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றுகொண்டே போட்டோ எடுத்துக்கொண்டது உடனே நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மனைவி முகம் இருந்த இருப்பும் கூடவே வந்தது. தையல் கோணிக்கொண்டு போனது. பிரித்து மறுபடியும் தைத்தார்.

"முடிஞ்சுதுண்ணே. இனி எனக்கு இங்க வேலை இல்ல" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மறுநாளே கண்டக்டரிடமிருந்து போன். "தம்பி, இன்னொரு நாற்காலி கிழிஞ்சு கிடக்கு. எலி கடிச்சிருக்கும் போல."

அந்த எலி லேசில் விடுவதாக இல்லை. ஒன்றைத் தைத்தால் அடுத்ததைக் கடித்தது. குஷன்காரரும் கடை வாசலைத் தாண்டித் தாண்டி ஹாலுக்கே வந்துகொண்டிருந்தார்.

"எலிக்குத் தொழில் தெரியுதுண்ணே. தையல் ஓரமாவே கடிக்குது. தைக்க எனக்குச் சுலபமா இருக்கு" என்று ஒருநாள் மெச்சிக்கொண்டார். கண்டக்டர் அவசரமாக டீ ஆற்றப் போனார்.

அன்றிரவு போனில் மனைவியிடம், "எப்ப வர்றே?" என்றார்.

"கூட்டத்துல உக்காந்தீங்களா?"

"உக்காந்துதானே தைக்கிறேன்."

"அது குஷன்காரர் உக்கார்றது. நீங்க எப்ப உக்காருவீங்க?"

போனை வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். வீடு வெறிச்சென்று கிடந்தது. எல்லாம் இந்த எலியால் வந்த வினை, அதை ஒழித்தால் நாற்காலி வேலையும் ஒழியும், இந்தக் கூட்டத்தோடு இருக்கும் சகவாசமும் ஒழியும் என்று முடிவுக்கு வந்தார்.

மறுநாள் ஒரு எலிப்பொறியை வாங்கிக்கொண்டு, கூட்டம் தொடங்க வெகு நேரம் முன்பே ஹாலுக்குப் போனார். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. ஜன்னல் வழியே மெல்ல எட்டிப் பார்த்தார்.

கண்டக்டர் ஒரு நாற்காலியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பட்டறையிலிருந்து காணாமல்போன கத்தியால், ரெக்ஸினுக்கு வலிக்காமல் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி.

குஷன்காரர் சத்தமில்லாமல் வண்டிக்குத் திரும்பி எலிப்பொறியைப் பெட்டிக்குள் போட்டார். கொஞ்சம் யோசித்து, ஊசி நூலையும் அதிலேயே போட்டு மூடினார். பிறகு வெறுங்கையோடு ஹால் வாசலில் நின்று, எலி ஓடி ஒளிவதற்கு அவகாசம் கொடுத்துப் பலமாக இருமினார்.