பாதித் தீனி

தர்ஷினி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். வரிக்குதிரை மீனின் வயிற்றில் கொழுப்பு இன்றும் கூடித்தான் இருந்தது.

ஆறு மாதமாக இரண்டு தொட்டிகள். முதல் தொட்டிக்கு முழுத் தீனி, இரண்டாவதற்குப் பாதி. பாதித் தீனி தின்ற மீன்கள் இளைத்திருக்க வேண்டும். அவைதான் பருத்துக்கொண்டே போயின. கொழுப்பைக் காட்டும் சாயத்தை மாற்றினாள், தராசை மாற்றினாள், தண்ணீரைச் சோதித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் அறிக்கை கொடுத்தாக வேண்டும். மறுபடி தொடங்க நேரமில்லை.

ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் அமுதவள்ளி வாளியோடு உள்ளே வந்தாள். இரண்டாவது தொட்டி மீன்கள் கண்ணாடியோரம் திரண்டன.

"இன்னும் சாப்பிடலையாம்மா?"

"பசிக்கல அக்கா. தீனியைப் பாதியாக் குறைச்சும் இந்த மீனுங்க இளைக்க மாட்டேங்குது. நீங்க மட்டும் எப்படி இப்படி இளைச்சீங்க?"

"வாயைக் கட்டுனேன் லா. கொலஸ்ட்ரால் கூடிப்போச்சு, முட்டையில மஞ்சக்கருவைத் தொடாதீங்கன்னு சுங்கை வே கிளினிக்ல சொல்லிட்டாங்க. இப்ப தினம் ரெண்டு முட்டை அவிச்சுக் கொண்டாந்து வெள்ளையை மட்டும் சாப்பிடுறேன்."

"மஞ்சக்கருவைக் குப்பையில போட்டுடுவீங்களா?"

"சாப்பிடுற பொருளைக் குப்பையில போடலாமா?" அமுதவள்ளி குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்கம்மா. அந்த ரெண்டாவது தொட்டிக்கு நீங்க போடுற தீனி பத்தவே இல்ல. வாயில்லா ஜீவனுங்க. ஆறு மாசமா நான்தான் மஞ்சக்கருவைப் பொடிச்சுப் போடுறேன். ஒரு நாள்கூட பட்டினி போட்டதில்ல."