கண்ணாடித் தட்டில் பொருத்தம்

ஜாதகத்துக்குப் பதிலாகக் கண்ணாடித் தட்டில் பொருத்தம் பார்க்கும் காலம் அது. பெண்ணின் தோலிலும் மாப்பிள்ளையின் தோலிலும் கிள்ளியெடுத்ததை இதயச் செல்களாக வளர்த்து, இரண்டு துளிகளாக ஒட்டி வைப்பார்கள். அவை தமக்குள் பேசிக்கொண்டு ஒன்றாகத் துடித்தால் கல்யாணம். நிரஞ்சனாவின் துளி படபடவென்று துடித்தது. மாப்பிள்ளையுடையது நிதானமாகத் துடித்தது. ஒட்டியிருந்தும் சேரவில்லை.

“உங்க பொண்ணு ரொம்பத் துள்ளுதே!” என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாள்.

நிரஞ்சனாவின் அப்பாவுக்கு வியர்த்தது. முந்தைய வரனும் இந்தத் தட்டில்தான் தட்டிப் போயிருந்தது. “ஏம்மா, கரண்ட் வெச்சா சரியாயிடும்னு சொன்னீங்களே?” என்று ஆய்வகப் பெண் ரெஜினாவிடம் கெஞ்சினார்.

ரெஜினா இரண்டு ஊசிகளைத் தட்டில் இறக்கி, மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சினாள். தட்டைப் பெரிதாக்கிக் காட்டிய திரையில் இரண்டு துளிகளும் நின்றுபோயின. பிறகு ஒன்றாகத் துடித்தன.

“ஜோடின்னா இப்படி இருக்கணும்!” என்று மாப்பிள்ளையின் மாமா தாம்பூலத்தை எடுத்து நீட்டினார்.

நிரஞ்சனாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துத்தான் இருந்தது. சிரித்தால் அவனுக்குக் கண்ணும் சிரிக்கும். ஆனாலும் அவளால் திரையை விட்டு நகர முடியவில்லை. அவனுடைய துளி தன் பழைய வேகத்திலேயே துடித்தது. அவளுடையது, அவனுடையது துடித்த பிறகே அசைந்தது.

“அக்கா, பிரிச்சு வெச்சா என்னுது பழையபடி துடிக்குமா?” என்று மெல்லக் கேட்டாள்.

ரெஜினா ஊசிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “தெரியலம்மா. சேர்ந்த பிறகு யாரும் அதைப் பாக்கச் சொல்றதில்ல.”