செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்

"மேடம், சீட்டெல்லாம் அழுக்காயிடும். ரெண்டையும் கீழ உட்காரச் சொல்லுங்க" என்றான் ஆம்னி வேன் டிரைவர் ஜெகதீஷ்.

"குளிப்பாட்டித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். டிரெஸ்ஸும் புதுசு. நீயும் பிள்ளைகுட்டிக்காரன்தானேப்பா?" என்றாள் சத்யப்ரியா.

ஜெகதீஷுக்குச் சுருக்கென்றது. வண்டியைக் கிளப்பினான்.

அவர்கள் குடியிருந்த நகரின் பிள்ளையார் கோயிலுக்கு மறுநாள் கும்பாபிஷேகம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு சிறுமியும் அவள் தம்பியும் நாலைந்து நாளாகக் கோயில் பந்தலிலேயே படுத்துக் கிடந்தார்கள். போலீஸில் சொல்லலாம் என்றது குடியிருப்போர் சங்கம். அடித்து விரட்டினால் போச்சு என்றவன் ஜெகதீஷ்தான். "பாவம், குழந்தைங்க. நானே ஒரு ஹாஸ்டல்ல சேர்த்துடறேன்" என்று முன்வந்தவள் சத்யப்ரியா ஒருத்திதான். எல்லோரும் கை தட்டாத குறை.

"உன் பேரென்ன கண்ணு?"

"மாரம்மா."

"எந்த ஊரு?"

"தெரியல ஆண்ட்டி."

தமிழில் கேட்டால் தமிழ், கன்னடத்தில் கேட்டால் கன்னடம், தெலுங்கும் அத்துப்படி. மூன்று பாஷை தெரிந்து என்ன, என் பிள்ளை என்று சொல்ல ஒரு பாஷையிலும் ஆள் இல்லை.

"ஹாஸ்டல்ல மூணு வேளை சோறு, படிப்பு, எல்லாம் உண்டு. சந்தோஷமா?"

தம்பிக்காரன் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினான். மாரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொழுப்பைப் பார், எவ்வளவு செய்தாலும் ஒரு சிரிப்பு வருகிறதா என்று நினைத்துக்கொண்டான் ஜெகதீஷ்.

கர்நாடக எல்லையில் இருந்த ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், கன்னட போர்டு போட்ட பஸ் ஸ்டாப் ஒன்று வந்தது.

"இங்கயே நிறுத்து."

ஜெகதீஷ் சுற்றுமுற்றும் பார்த்தான். லாரிகள்தான் நின்றன. ஹாஸ்டல் எதுவும் கண்ணில் படவில்லை.

"இறங்குங்க செல்லம். இங்க உட்கார்ந்திருங்க. ஹாஸ்டல் சார் வந்து கூட்டிட்டுப் போவாரு." இருவரையும் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள் சத்யப்ரியா. "வண்டிய எடுப்பா."

"மேடம், ஹாஸ்டல்னு சொன்னீங்களே..."

"எந்த ஹாஸ்டல்ல கேட்டதும் சேர்த்துக்கறாங்க? இனிமே இந்த ஊர்க்காரங்க பார்த்துக்கட்டும். நாளைக்குக் கோயில்ல எனக்கு நூறு வேலை கிடக்கு."

ஜெகதீஷ் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்தான். ஆனாலும் சவாரி பேசியவள் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? சாவியைத் திருகினான்.

வண்டி நகரப் போவதைப் பார்த்ததும் பையன் கதவைத் தட்டித் தட்டி அழுதான். மாரம்மா அவனை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் தம்பியைத் தேற்றுவது ஜெகதீஷின் காதில் நன்றாகவே விழுந்தது.

"அழாதடா. இந்த ஊர்லயும் கோயில் திருவிழா வரும். அப்ப போன தடவ மாதிரியே இங்கருந்து ஒரு ஆண்ட்டி புது டிரெஸ் போட்டு, கார்ல கூட்டிட்டுப் போய், நம்மள ஓசூர்லயே உட்டுடுவாங்க."