கவிழ்ந்த தலை

கழுத்து விண்விண்ணென்று வலித்தது. கம்பெனி இணையதளத்தில் வரும் புகார்களைப் படித்துப் பதில் போடுவது பார்வையில்லாத அவளுடைய வேலை. எழுத்துகள் புள்ளிகளாக எழும் பிரெய்ல் கருவிமேல் முகம் கவிழ்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன.

“என்னம்மா, மறுபடியும் தூக்கமா? விரலால தடவித்தானே படிக்கணும்? நாளைக்கு வேலைக்கு வராதே,” என்றார் மேனேஜர்.

“இப்ப வந்த புகாரைச் சொல்லவா சார்? ‘உங்க மேனேஜர் போன்ல பேசறப்பவே கொட்டாவி விடறாரு.’”

பக்கத்து மேஜைகளில் சிரிப்பு.

“எப்படிப் படிச்சே?”

“கல்லு உடைச்சே காய்ச்சுப்போன விரல் சார், புள்ளி தெரியாது. உதட்டால படிக்கறேன்.”

“சரி சரி, வேலையைப் பாரு,” என்று நகர்ந்தார்.

“நில்லுங்க சார். இத்தனை பேர் முன்னாடி தூங்கினேன்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி.”