ஆஸ்பத்திரியில் இருக்கும் என் நகல்

வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் எனக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நகல் உண்டு; என்னைப் பார்த்துச் செய்த எந்திர பொம்மை. என்னைப் போலவே வியர்க்கும், பேசும். அதற்கு மாரடைப்பு வரவைத்துத்தான் நர்ஸுகள் வேலை பழகுகிறார்கள்.

நேற்று எனக்கே நெஞ்சு அடைத்தது. கூட்டாளிகள் அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்து போட்டார்கள். புது நர்ஸ் எஸ்தர், "எங்க வலிக்குதுங்கய்யா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல தாயி, வாயு. சோடா குடிச்சா சரியாயிரும். அங்க லாரி நிக்குது."

"உங்க நகலும் இதையேதான் சொல்லும். அதை நம்பி முப்பத்தாறு தடவ சாகவிட்டிருக்கேன். பேசாமப் படுங்க!"

பிழைத்துக்கொண்டேன். இனி நகலை உண்மை பேசவைக்கலாமா என்று இன்று பெரிய டாக்டர் கேட்டார்.

"வேணாங்க, பொய்யே சொல்லட்டும். மண்டியில எவனும் ஒரு நாள் கூலிய விட்டுட்டு வலிக்குதுன்னு சொல்லமாட்டான்" என்றேன்.