அழகு என்று சொன்னவர்கள்

சுட்ட சிவப்புக் குடைமிளகாயின் கருகிய தோலை விதோசாவா உரித்துக்கொண்டிருந்தாள். குளிர்காலத்துக்கு ஜாடிகளில் அடைக்க வேண்டும். பாதிக் கூடை மிச்சமிருக்கும்போதே இடுப்பில் வலி பிடித்தது.

பிரசவத்துக்கு நாள் இன்னும் நிறைய இருந்தது.

இரட்டைப் பையன்கள். மூத்தவன் மறுநாள் காலைவரைதான் இருந்தான். இளையவனை மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றி, பனி கொட்டும் மாதத்தில் கையில் கொடுத்தார்கள்.

தொட்டிலில் அவனைக் கிடத்துவதற்குள், லெஸ்கோவாட்ஸ் ஊர்ப் பெண்கள் காப்பிப் பொட்டலங்களோடு வந்துவிட்டார்கள்.

அந்த ஊரில் பச்சைக்குழந்தையைப் பார்க்க வருகிறவள் துப்ப வேண்டும். எவ்வளவு அசிங்கமாக இருக்கிறாய் என்று திட்ட வேண்டும். அப்போதுதான் கண் படாது. தபால்காரரின் பிள்ளை கொழுகொழுவென்று பிறந்தபோது, பக்கத்து வீட்டு யாகோதா தொண்டை வறளத் துப்பினாள்.

இன்று அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“எவ்வளவு அழகா இருக்கான் பாருங்களேன். தேவதைதான் போ.”

அடுத்தவளும் அழகு என்றாள். அதற்கடுத்தவள் வாய் நிறையக் கேக்கோடு அதையே சொன்னாள்.

எச்சில் வற்றிப்போயிற்றா இவர்களுக்கு? கேக்கைக் கண்டால் மட்டும் ஊறுகிறதே.

விதோசாவாவுக்குப் புரிந்தது. கண் படுவதற்கு இவன் எங்கே பிழைக்கப் போகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூத்தவனின் வெள்ளைச் சவப்பெட்டியருகேயும் இதே வார்த்தைகள்தானாம். கல்லறையிலிருந்து திரும்பிய கணவன், ஆறுதல் என்று நினைத்து, அதை அவளிடம் ஒப்பித்திருந்தான்.

கதவு திறந்தது. நாத்தனார் நெவென்கா. மாமனார் செத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. பனி ஒட்டிய மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டிலிடம் போனாள். குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

“த்தூ. த்தூ. த்தூ. தோலுரிச்ச எலிக்குஞ்சு மாதிரி இருக்கியேடா. உன்னை எந்தக் குருடி வந்து கட்டிக்கப் போறா?”

யாகோதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்ணாடி வழியே பார்த்த நாட்களிலெல்லாம் யாரோ பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் விதோசாவாவுக்கு இருந்தது. இப்போது முதல்முறையாக, வரப்போகும் ஒரு மருமகளோடு சண்டை போட வேண்டியிருக்குமே என்ற கவலை வந்தது.

யாகோதாவின் முன்னாலிருந்த கேக் தட்டை எடுத்தாள். பெரிய துண்டாக வெட்டி நெவென்காவின் முன் வைத்தாள்.

நெவென்கா நின்றபடியே தின்றுவிட்டுப் போனாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அவன் கல்யாண விருந்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தபோதும் பேசிக்கொள்ளவில்லை.