ஆண்டறிக்கைப் பொருத்தம்

“தம்பி, உங்க கம்பெனிக்கு ஒரே வருஷத்துல கடன் மூணு மடங்கு ஆயிருக்கே, ஏன்?”

இளமாறன் கையிலிருந்த பஜ்ஜி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

பெண் பார்க்க வந்தவனிடம் சம்பளம் கேட்பார்கள், சொந்த வீடு உண்டா என்று கேட்பார்கள். பெண்ணின் அப்பா சிட்லபாக்கம் ராஜகோபாலோ மாப்பிள்ளையின் கம்பெனி ஆண்டறிக்கையை இணையத்திலிருந்து இறக்கி, அடிக்கோடு போட்டு மடியில் வைத்திருந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. அதன் கணக்குப் பிரிவுத் தலைவன்தான் இளமாறன்.

“ஜாதகம்தான் நல்லாப் பொருந்தியிருக்கே அண்ணா?” என்றார் அவன் அம்மா.

“கம்பெனியோட கிரகம் ஜாதகத்துல தெரியாதும்மா. நான் வேலை பார்த்த கம்பெனியும் இப்படித்தான் கடன்ல ஆரம்பிச்சுது. அப்புறம் ஒருநாள் காலைல போனா, கேட்ல பூட்டு. அப்ப என் பொண்ணு பத்தாவது. அந்தக் கஷ்டத்துல மறுபடி அவளைத் தள்ள மாட்டேன்.”

அறைக்குள் பட்டுப் புடவையில் காத்திருந்த ரோஹிணிக்கு இது கேட்டது. பஜ்ஜி போட உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு முத்தாலம்மாளோ, இன்னும் நன்றாகக் கேட்பதற்காக அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டாள்.

“அது வாங்கின கடன் இல்ல சார்” என்றான் இளமாறன். “குடோன், வேன் எல்லாம் பல வருஷ ஒப்பந்தத்துல வாடகைக்கு எடுத்திருக்கோம். முன்னாடி அந்தந்த மாச வாடகையைச் செலவுல எழுதினாப் போதும். போன வருஷம் புதுக் கணக்கு விதிக்கு மாறினோம். இனிமே கட்டப்போற வாடகையையும் இப்பவே கடனாக் காட்டணும்.”

“அப்ப என் மாடில குடியிருக்கானே, அவன் அடுத்த வருஷ வாடகையும் இப்பவே எனக்குக் கடனா?” என்றாள் முத்தாலம்மாள்.

“ஒப்பந்தம் அப்படி இருந்தா, ஆமாம்மா.”

“நல்ல விதியாகீதே! இன்னிக்கே போய்ச் சொல்றேன்.”

ராஜகோபால் சிரிக்கவில்லை. “மூழ்குற கம்பெனி எல்லாம் ஏதாவது ஒரு விதியைத்தான் கைகாட்டும். நீங்களா விரும்பி மாறினீங்களா?”

“எங்க சார்! முடிஞ்ச வரைக்கும் தள்ளிப்போடத்தான் பார்த்தோம். ஆடிட்டுக்கு வந்தவங்க விடலையே. ஜெனரேட்டர் வாடகையைக்கூட விட்டுவைக்கலை. மாசக்கணக்கா சண்டை. அவங்க படியேறினா எங்க ஆபீசே எழுந்து நிக்கும்.”

சண்டையைச் சொல்கிறவன் முகத்தில் எதற்கு இத்தனை பூரிப்பு என்று முத்தாலம்மாள் யோசித்தாள்.

“அப்படிப்பட்ட முரட்டு ஆடிட்டர் என் முன்னாடி வந்து ‘பயமில்லை’ன்னு சொல்லட்டும். நாளைக்கே தேதி குறிக்கலாம்” என்றார் ராஜகோபால்.

“இன்னாண்ணா, பொண்ணு பாக்குற எடத்துக்கு ஆடிட்டரை இட்டாரச் சொல்றே?” என்றாள் முத்தாலம்மாள்.

“வரலேன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடலாம்.”

இளமாறனின் அம்மா கைப்பையைத் தேடினார். இளமாறன் தலையைக் குனிந்துகொண்டான்.

அறைக் கதவு திறந்தது. யாரும் கூப்பிடாமலே ரோஹிணி வந்து அப்பாவின் எதிரில் நின்றாள்.

“பயமில்லைப்பா. எந்தக் கம்பெனிக் கணக்கைப் பார்க்கிறோம்னு வீட்டுல சொல்லக் கூடாது, அதான் சொல்லலை. அந்த வாடகை ஒப்பந்தம் அத்தனையும் ஒண்ணு விடாம நான்தான் படிச்சேன். கட்டிக்கப்போறவர் கம்பெனியை நானே ஆடிட் பண்ணக் கூடாதுன்னு, என்னை வேற கம்பெனிக் கணக்குக்கு மாத்தச் சொல்லி எங்க ஆடிட் ஆபீஸ்ல போன மாசமே எழுதிக் குடுத்துட்டேன்.”